வாசற்படியில் இரண்டு கைகள்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரே, பல நாடுகளிலிருந்தும் நடந்தும் வண்டியேறியும் வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

'பல நாடுகளிலிருந்தும்' என்று நான் சொன்னதைக் கீழே சமவெளியில் இருப்பவர்கள் கேட்டால் வெளிநாட்டு விருந்தினர் வந்திருப்பதாக எண்ணிக்கொள்வார்கள். இந்த மலையில் நாடு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று சில ஊர்கள் சேர்ந்து ஒரு நாடு. அதற்குப் பெரியவர்கள் உண்டு, வழக்கம் உண்டு, கூடிப் பேசும் இடம் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் கதையும் இப்படிப்பட்ட நாடுகளின் கதைதான். அரசன் இல்லாமல், மலைகளிலும் பள்ளத்தாக்குகளிலும் பன்னிரண்டு கோத்திரங்களாக வாழ்ந்த இஸ்ரவேல் மக்கள் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு மாண்ட கதை. பைபிளின் பழைய ஏற்பாட்டில் நியாயாதிபதிகள் என்ற நூலின் 19, 20, 21 ஆகிய மூன்று அதிகாரங்களில் அது இருக்கிறது. கத்தோலிக்கர்கள் கையாளும் பொது மொழிபெயர்ப்பில் இந்நூலுக்கு நீதித்தலைவர்கள் என்று பெயர்.

இந்நூலுக்கும் தமிழுக்கும் பழைய உறவு உண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்துவிட்டுப் பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். 1719-இல் அவர் மறைந்தபோது ரூத் வரைக்கும்தான் வந்திருந்தார். ரூத்துக்கு நேர் முன்னால் இருப்பது நியாயாதிபதிகள். அவர் கடைசியாகத் தமிழாக்கிய நூல்களில் இந்தக் கொடுங்கதையும் ஒன்று. முந்நூறு ஆண்டுகளாகத் தமிழில் இருக்கிறது. ஆனால் கோயில் மேடைகளில் இதை அதிகம் வாசிப்பதில்லை. வாசிக்கக் கூச்சப்படுகிறோம். வாசிக்க வேண்டிய இடம் பஞ்சாயத்து என்பது என் எண்ணம். அதனால்தான் இங்கே கொண்டுவந்தேன்.

மலையின் சொந்தக் கதை

முதலில் உங்கள் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்ற நூலில், வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டை எழுதிய ஸ்டூவர்ட் சொன்னதாக, ஜவ்வாது மலை மலையாளிகள் பற்றிய ஒரு தொன்மம் பதிவாகியிருக்கிறது. இங்கே இருக்கும் பாட்டிகள் சிலர் இதை வேறு விதமாகச் சொல்லக்கூடும். அச்சில் இருப்பது இதுதான்.

கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்கள். அவர்கள் ஏளனம் செய்து மறுத்தார்கள். ஆத்திரம் கொண்ட வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிச் சென்றுவிட்டார்கள். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். போகும்போது மனைவிமாரிடம், நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் நாங்கள் இறந்துவிட்டோம் என்று வைத்துக் காரியம் செய்துவிடுங்கள் என்று சொல்லிப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் தட்டுத்தடுமாறிக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி ஊர் போய்ச் சேர்ந்தன. ஏழு பேரும் கங்குந்தி சென்று வேடர்களைக் கொன்றார்கள். ஊர் திரும்பினால், அவர்களுக்குக் கருமாதி முடிந்திருந்தது, மனைவிமார் கைம்பெண்களாகியிருந்தார்கள், அவர்களே இனத்துக்குப் புறத்தியாராகியிருந்தார்கள். வேடர் பெண்களையே மணந்துகொண்டு இந்த மலைக்கு ஏறினார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் மலையாளிகள் என்று கதை முடிகிறது.

இது வரலாறா, கற்பனையா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஒரு மக்கள் தங்கள் பிறப்பைப் பற்றி இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய செய்தி. யாரைக் கொல்லப் போனோமோ அவர்கள் வீட்டுப் பெண்களே நம் பாட்டிகள் என்று ஒப்புக்கொள்ளும் கதை இது. ஆனால் ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. அதைக் கடைசியில் கேட்கிறேன். இப்போது இஸ்ரவேலுக்குப் போவோம்.

கிபியாவின் இரவு

எப்பிராயீம் மலைநாட்டில் ஒரு லேவியன் இருந்தான். லேவியர் பூசை செய்யும் கோத்திரத்தார். அவனுக்கு யூதாவின் பெத்லகேமிலிருந்து வந்த மறுமனையாட்டி ஒருத்தி. மனைவிதான், ஆனால் முழு உரிமை இல்லாத மனைவி. அவள் அவனை விட்டுத் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஏன் போனாள்? எபிரேய மூலம் அவள்மேல் பழி சொல்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் ஒரு படி, அவள் அவன்மேல் கோபித்துக்கொண்டு போனாள் என்கிறது. இரண்டில் எது உண்மை என்று அவளைத்தான் கேட்க வேண்டும். கதையில் அவளை யாரும் கேட்கவில்லை. மூன்று அதிகாரம் முழுவதும் தேடினாலும் அவள் பேசியதாக ஒரு சொல் கிடையாது. பெயரும் கிடையாது.

நான்கு மாதம் கழித்து அவன் அவளை அழைத்துவரப் போகிறான். அவள் மனம் குளிரப் பேசி அழைத்துவரப் போனதாக நூல் சொல்கிறது. அங்கே போய் மாமனாரோடு ஐந்து நாள் உண்டு குடித்து இருக்கிறான். அவளோடு பேசியதாக எழுதியில்லை.

ஐந்தாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் கிளம்புகிறார்கள். வழியில் எபூசு என்னும் எருசலேம் வருகிறது. அங்கே தங்கலாம் என்கிறான் வேலைக்காரன். அது அந்நியர் ஊர், நம் மக்கள் ஊருக்கே போய்விடலாம் என்கிறான் லேவியன். பென்யமீன் கோத்திரத்தாரின் கிபியாவுக்கு வந்து தெருவில் உட்காருகிறார்கள். சொந்த இனத்து ஊரில் ஒருவரும் வீட்டுக்குள் கூப்பிடவில்லை. வயலிலிருந்து திரும்பிய ஒரு கிழவர், அவரும் அங்கே பிழைக்க வந்த எப்பிராயீம்காரர், அழைத்துப்போய்க் கால் கழுவ நீர் கொடுத்துச் சோறு போடுகிறார்.

இரவில் ஊர் முரடர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டு லேவியனை வெளியே அனுப்பச் சொல்கிறார்கள். லேவியன் என்ன செய்தான்? தன் மறுமனையாட்டியைப் பிடித்து வெளியே விட்டான். விடியும் வரை அவர்கள் அவளைச் சிதைத்தார்கள். கிழக்கு வெளுக்கும்போது அவள் வந்து அந்த வீட்டு வாசலில் விழுந்தாள். லேவியன் காலையில் எழுந்து, கதவைத் திறந்து, தன் வழியே போகப் புறப்பட்டான். அப்போது அவள் வாசற்படியின்மேல் கைகளை வைத்தபடி கிடப்பதைக் கண்டான்.

நண்பர்களே, இங்கே சற்று நில்லுங்கள். வாசற்படி நமக்கு என்ன என்று எண்ணிப் பாருங்கள். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, மிதிக்காமல் தாண்டிப் போகும் இடம். புதுப்பெண் வலது கால் எடுத்து வைக்கும் இடம். அதன்மேல் இரண்டு கைகள். உள்ளே வர முயன்ற கைகள். கதவு இரவெல்லாம் சாத்தியிருந்தது. இந்த நூலை எழுதியவர் எத்தனையோ போர்களை ஒரே வரியில் கடந்து போகிறவர். இந்தக் கைகளை மட்டும் நின்று பார்த்து எழுதியிருக்கிறார்.

எழுந்திரு, போகலாம் என்று அவளிடம் சொல்கிறான் லேவியன். முழுக்கதையிலும் அவன் அவளை நோக்கிப் பேசுவதாக எழுதியிருப்பது இது ஒன்றுதான். பதில் இல்லை. அவளைக் கழுதைமேல் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், உடலைப் பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரவேலின் எல்லைகளுக்கெல்லாம் அனுப்பினான். அவள் அந்த வாசலிலேயே இறந்துவிட்டாள் என்று கிரேக்க மொழிபெயர்ப்பு சொல்கிறது. எபிரேயம் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்னும் கொடியது.

கேட்காமல் விட்ட கேள்விகள்

வடக்கே தாண் முதல் தெற்கே பெயெர்செபா வரை மக்கள் மிஸ்பாவில் திரண்டார்கள். வாளெடுத்தவர்கள் 4,00,000 பேர் என்கிறது நூல். எபிரேயத்தில் ஆயிரத்தைக் குறிக்கும் 'எலெப்' என்ற சொல் ஒரு குடியின் படைப்பிரிவையும் குறிக்கும் என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. அதனால் எண்களை அப்படியே கூட்டிக் கழிக்க வேண்டியதில்லை. நாடு முழுக்கத் திரண்டது என்பதே பொருள்.

இந்தக் கொடுமை எப்படி நடந்தது என்று சபை கேட்டது. லேவியன் சாட்சி சொன்னான். கிபியாவார் என்னைக் கொல்ல வந்தார்கள், என் மறுமனையாட்டியைக் கெடுத்தார்கள், அவள் இறந்தாள் என்றான். எல்லாம் நடந்ததுதான். ஆனால் அவளைப் பிடித்து வெளியே விட்ட கை யாருடையது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டான். வேலைக்காரன் இருந்தான், கிழவர் இருந்தார், கிழவரின் மகள் இருந்தாள். அவர்களை அழைத்து விசாரித்ததாக நூலில் இல்லை. ஒரு வாய் சொன்னதைக் கேட்டு ஒரு தேசம் எழுந்தது. இதுதான் முதல் பாடம்: வந்து முறையிடுகிறவர் எதைச் சொன்னார் என்பதோடு எதை விட்டுவிட்டார் என்பதையும் சபை கேட்க வேண்டும்.

அடுத்துப் பென்யமீனர். குற்றவாளிகளை ஒப்படையுங்கள் என்று கோத்திரங்கள் ஆள் அனுப்பின. நியாயமான கோரிக்கை. பென்யமீன் மறுத்தது. தப்பு செய்தவன் எங்கள் பையன், அவனை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று ஒரு கோத்திரமே ஒரு சில முரடர்களுக்காக வாளெடுத்தது. 26,000 பேர், அவர்களோடு கிபியாவார் 700 பேர். மயிரிழையைக் குறிவைத்தாலும் தப்பாமல் கவண் எறியும் இடக்கைக்காரர் 700 பேர் இருந்தார்கள் என்றும் நூல் பெருமையோடு சொல்கிறது. குறி தவறாத கைகள், குறியே தவறான போரில். இது இரண்டாம் பாடம். நம்மவன் என்பதற்காகக் குற்றத்தை மறைக்கும் ஊர், அந்தக் குற்றத்தை ஊர் முழுவதற்கும் பங்கு போட்டுக் கொடுக்கிறது.

மூன்றாவது பாடம் எனக்கு மிகவும் முக்கியமானது. இஸ்ரவேலர் பெத்தேலுக்குப் போய்க் கடவுளிடம் கேட்டார்கள். என்ன கேட்டார்கள்? எங்களில் யார் முதலில் போக வேண்டும் என்று. போக வேண்டுமா என்று கேட்கவில்லை. அதை அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அன்று 22,000 பேர் விழுந்தார்கள். அழுதுகொண்டு இரண்டாம் முறை கேட்டார்கள். சகோதரனாகிய பென்யமீனோடு மறுபடியும் போருக்குப் போகலாமா என்று. அவர்கள் வாயிலிருந்து சகோதரன் என்ற சொல் முதன்முறை வருவது 22,000 பிணங்களுக்குப் பிறகு. மறுநாள் இன்னும் 18,000 பேர். மூன்றாம் முறை உபவாசம் இருந்து கேட்டார்கள். போகட்டுமா, நிறுத்தட்டுமா? நிறுத்துவது என்று ஒரு வழி இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. 40,000 பேர் செத்த பிறகு நிறுத்துவது யாருக்கும் எளிதில்லை. பதுங்கிப் பாய்ந்து கிபியாவைக் கொளுத்தினார்கள். பென்யமீனில் 25,000-க்கு மேல் மாண்டார்கள். ஊர்களில் மனிதர், மாடு எல்லாம் வாளுக்கிரை. ரிம்மோன் கன்மலையில் ஒளிந்த 600 ஆண்கள் மட்டும் மிஞ்சினார்கள். அங்கே அவர்கள் இருந்தது நான்கு மாதம். அந்தப் பெண் தகப்பன் வீட்டில் இருந்த அதே நான்கு மாதம்.

ஆணை என்னும் கண்ணி

வென்றவர்கள் மறுபடி பெத்தேலில் உட்கார்ந்து அழுதார்கள். பன்னிரண்டில் ஒரு கோத்திரம் அழிந்துபோகிறதே என்று. ஆனால் மிஸ்பாவில் கோபத்தின் உச்சியில், எங்கள் பெண்ணைப் பென்யமீனுக்குக் கொடுக்க மாட்டோம் என்று ஆணையிட்டிருந்தார்கள். ஆணையை மீற முடியாது. கோத்திரமும் பிழைக்க வேண்டும். என்ன வழி?

மிஸ்பாவுக்கு வராத ஊர் எது என்று தேடினார்கள். யாபேஸ் கீலேயாத். வராதவரைக் கொல்வோம் என்று இன்னொரு ஆணையும் இட்டிருந்தார்கள். 12,000 பேரை அனுப்பி அந்த ஊரை வெட்டி, மணமாகாத பெண்கள் 400 பேரை மட்டும் உயிரோடு கொண்டுவந்து பென்யமீனருக்குக் கொடுத்தார்கள். இன்னும் 200 பேருக்குப் பெண் இல்லை. சீலோவில் ஆண்டுத் திருவிழா. திராட்சைத் தோட்டங்களில் பதுங்கி இருங்கள், பெண்கள் நடனமாட வரும்போது ஆளுக்கொருத்தியைப் பிடித்துக்கொண்டு போய்விடுங்கள் என்று மூப்பர்களே யோசனை சொன்னார்கள். தகப்பன்மார் வழக்குக்கு வந்தால் சமாதானம் சொல்லிக்கொள்வோம் என்றார்கள். நீங்களாகக் கொடுக்கவில்லை, அவர்களாகப் பிடித்துப் போனார்கள், ஆகவே ஆணை மீறப்படவில்லை! ஒரு பெண்ணைக் கெடுத்ததற்காகத் தொடங்கிய போர், 600 பெண்களை அவர்கள் விருப்பம் கேளாமல் பிடித்துக்கொடுத்ததில் முடிந்தது.

பெரியவர்களே, கோபத்தில் இடும் ஆணை எப்படிக் காலைச் சுற்றும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை. இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், அவன் செத்தாலும் போக மாட்டேன் என்று நாமும் சத்தியம் செய்கிறோம். பிறகு அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற மனிதர்களைக் காவு கொடுக்கிறோம். அக்காலத்தில் இஸ்ரவேலில் அரசன் இல்லை, ஒவ்வொருவனும் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்தான் என்ற பொருளில் நூல் முடிகிறது. அரசன் வந்தால் சரியாகிவிடும் என்று சிலர் இதற்குப் பொருள் சொல்வார்கள். அடுத்த நூல்களில் அரசர்கள் வந்தார்கள், உள்நாட்டுப் போர் நிற்கவில்லை. அங்கே இல்லாமல் போனது அரசன் மட்டுமல்லவே. கேட்கும் காதும் இல்லை.

கேட்டதால் நின்ற போர்

கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் அதே பைபிளில் சான்று இருக்கிறது. யோசுவா நூலின் 22-ஆம் அதிகாரம். யோர்தான் ஆற்றுக்கு அக்கரையில் குடியேறிய ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரத்தார் ஆற்றங்கரையில் பெரிய பலிபீடம் ஒன்றைக் கட்டினார்கள். வேறு தெய்வத்துக்குப் போய்விட்டார்கள் என்று மற்றவர்கள் சீலோவில் படை திரட்டினார்கள். ஆனால் படை கிளம்பும் முன் பினெகாஸ் என்னும் ஆசாரியனையும் கோத்திரத்துக்கு ஒருவராகப் பத்துத் தலைவர்களையும் அனுப்பிக் கேட்டார்கள். கடுமையாகத்தான் கேட்டார்கள். ஆனால் கேட்டார்கள். அக்கரையார் சொன்னார்கள்: இது பலி கொடுக்கக் கட்டியதல்ல. நாளைக்கு உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் பார்த்து, ஆற்றுக்கு அந்தப்புறம் இருக்கிற உங்களுக்கும் எங்களுக்கும் என்ன உறவு என்று கேட்டுவிடக் கூடாதே, அதற்குச் சாட்சியாகக் கட்டினோம். படை கலைந்து வீட்டுக்குப் போனது.

அதே சீலோ. ஒரு முறை போர் நின்ற இடம், இன்னொரு முறை பெண்களைப் பிடித்த இடம். அதே பினெகாஸ் பெயர் பெத்தேல் அழுகையிலும் வருகிறது. இடமும் ஆளும் மாறவில்லை. முதலில் கேட்டார்கள், பிறகு கேட்கவில்லை. அவ்வளவுதான் வேற்றுமை.

நம் வீட்டுப் பங்காளிப் போர்

இதெல்லாம் எங்கோ மேற்காசியாவில் நடந்தது என்று நாம் ஒதுங்க முடியாது. பங்காளிச் சண்டைக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருந்தான், நெடுங்கிள்ளி உள்ளே அடைத்துக்கொண்டிருந்தான். இருவரும் சோழர்கள். கோவூர் கிழார் இருவருக்கும் சேர்த்துப் பாடிய பாட்டு புறநானூற்றில் 45-ஆவதாக இருக்கிறது. எதிரே நிற்பவன் சூடியிருப்பது சேரனின் பனம்பூவா, பாண்டியனின் வேப்பம்பூவா, இரண்டு பேர் தலையிலும் ஒரே ஆத்திப்பூத்தானே என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மை. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று இரு தரப்புக்கும் நடுவில் நின்று சொன்னார். சகோதரன் என்ற சொல்லை முதல் பிணம் விழும் முன்னால் சொன்ன புலவர் அவர்.

இந்த மலையின் அடிவாரத்தைப் பாருங்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. பல்லவர் காலத்து வட்டெழுத்துகளில், தொறு கவர வந்தவரோடும் தொறு மீட்கப் போனபோதும் விழுந்த வீரர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. தொறு என்றால் மாட்டு மந்தை. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்து எசமானுக்குக் காவல் நின்ற அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயரும் பொறித்திருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. கிபியாவின் வாசலில் கிடந்த பெண்ணின் பெயர் தெரியவில்லை. மாடு கவர வந்தவர்களும் பெரும்பாலும் அடுத்த நிலத்துக்காரர்கள்தான். அவர்களுக்கும் அவர்கள் ஊரில் யாரோ அழுதிருப்பார்கள்.

திருவண்ணாமலை, ஆர்க்காட்டுப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால் பாரதம் படித்துக் கூத்து ஆடுவார்கள். படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். ஒரு பெருங்கூட்டம் அவனைச் சுற்றி நிற்கும். அந்தப் போரும் ஒரு பெண்ணைச் சபையில் இழுத்துவந்ததில் சூடேறியதுதான். ஆனால் திரௌபதிக்கு வாய் இருந்தது. அவள் ஒரு கேள்வி கேட்டாள். தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்து ஆட அவருக்கு உரிமை ஏது? பெரியவர்கள் தலை குனிந்தார்கள். கௌரவரில் விகர்ணன் ஒருவன்தான் எழுந்து அவளுக்காகப் பேசினான். அந்தக் கேள்விக்குச் சபை விடை சொல்லியிருந்தால் படுகளம் வேண்டியிருக்காது. ஒரு கதையில் பெண்ணை யாரும் கேட்கவில்லை. இன்னொரு கதையில் பெண் கேட்டாள், யாரும் பதில் சொல்லவில்லை. இரண்டும் ஒரே களத்தில்தான் கொண்டுபோய்விட்டன.

நம் காலத்துக்கு வருவோம். நியாயாதிபதிகள் 12-ஆம் அதிகாரத்தில் இன்னொரு உள்நாட்டுப் போர் உண்டு. கீலேயாத்தார் யோர்தான் துறைகளை மறித்து நின்று, கடக்க வருகிறவனிடம் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்வார்கள். எப்பிராயீம்காரனுக்கு 'ஷி' வராது. 'சிபோலேத்' என்பான். அங்கேயே வெட்டுவார்கள். 42,000 பேர். 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் வண்டிகளை நிறுத்தி, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லித் தமிழரை அடையாளம் பிடித்தார்கள். ஓர் உச்சரிப்பில் உயிர் தொங்கியது. அதற்கு மூன்றே ஆண்டு கழித்து, 1986 ஏப்ரல், மே மாதங்களில், அதே துயரத்திலிருந்து விடுதலை தேடப் புறப்பட்ட இரண்டு தமிழ் இயக்கங்களான புலிகளுக்கும் டெலோவுக்கும் இடையே யாழ்ப்பாண மண்ணில் மோதல் வெடித்தது. டெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினம் மே 6-ஆம் நாள் கொல்லப்பட்டார். அங்கே இரண்டு பக்கமும் 'ழ'வைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள்தான். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. போகட்டுமா, நிறுத்தட்டுமா என்று கேட்க ஒரு பெத்தேல் அங்கே இல்லாமல் போனதே என்றுதான் அழுகிறேன்.

மலையில் நான் பார்த்த பஞ்சாயத்து

பல ஆண்டுகளுக்கு முன் இந்த மலையின் ஓர் ஊரில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். சாமைச் சோறும் தேனும் போட்டு உபசரித்தார்கள். இரண்டாம் நாள் பலாமரத்தடியில் பஞ்சாயத்து கூடியது. வேறு நாட்டில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் தாய்வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கணவன் பக்கத்தார் வந்திருந்தார்கள். பேச்சு பரியப்பணத்தில் தொடங்கிச் சிறிது நேரத்தில் மானத்துக்கு ஏறியது. எங்கள் நாட்டை என்னவென்று நினைத்தாய் என்று ஒரு குரல். உங்கள் நாட்டுக்கு இனிப் பெண்ணே கொடுக்க மாட்டோம் என்று எதிர்க் குரல். கேட்டவுடன் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மிஸ்பாவின் ஆணை அப்படியே! இளவட்டங்கள் கையில் கம்பு ஏறியிருந்தது.

அப்போது கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி, ஊர்க்கவுண்டருக்கு அக்கா முறை, நிமிராமலேயே சொன்னார்: "ஏண்டா தம்பி, அந்தப் புள்ளைய யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களாடா?"

பேச்சு நின்றது. அந்தப் பெண் எதிரே வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. வெளியே வரவில்லை. அங்கிருந்தபடியே சொன்னாள்: "குடிச்சிட்டு அடிக்கிறாரு அத்த. போன மாசம் கையொடிஞ்சிச்சி. மாமியா நல்லவங்கதான். அவருகூட மட்டும் போவமாட்டன்."

ஒரு நொடியில் சண்டையின் அளவு சுருங்கிவிட்டது. அதுவரை இரண்டு நாடுகளின் மானமாக இருந்தது, ஓர் ஆணின் குடியாகவும் ஒரு பெண்ணின் ஒடிந்த கையாகவும் ஆனது. கணவன் பக்கத்துப் பெரியவரே தலையைக் குனிந்துகொண்டார். பரியப்பணத்தை இரண்டு தவணையில் திருப்புவதாக முடிவாயிற்று. கம்புகளை ஊன்றிக்கொண்டு வந்த வழியே போனார்கள். அந்தக் கிழவி பைபிளும் படித்ததில்லை, புறநானூறும் படித்ததில்லை. நாலு லட்சம் பேர் கூடிய மிஸ்பாவுக்குத் தோன்றாத கேள்வி அவருக்குத் தோன்றியது.

உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடிக்கும் கணவனைச் சட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இந்த மலைக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெண்ணைக் கெடுத்த குற்றத்தைப் பஞ்சாயத்தில் பேசி முடிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. கிபியாவின் முரடர்களைத் தண்டிக்காமல் விடுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். தண்டனை அந்த முரடர்களோடு நின்றிருக்க வேண்டும். அவர்களோடு நிறுத்தாமல் ஊர் ஊராகக் கொளுத்தியதற்குப் பெயர் நீதியே கிடையாது. கேள்வி குற்றத்தை அது இருக்கும் இடத்தில் நிறுத்துகிறது. கோபமும் ஆணையும் அதை ஊரெல்லாம் பரப்புகின்றன.

மீண்டும் துளிர்த்த உறவு

பென்யமீன் கதை அத்தோடு முடியவில்லை. பின்னால் இஸ்ரவேலின் முதல் அரசனாக வந்த சவுல் பென்யமீன் கோத்திரத்தான். ஊர் அதே கிபியா. அம்மோனியர் அரசன் ஒருவன் யாபேஸ் கீலேயாத்தை வளைத்து, எல்லோர் வலக்கண்ணையும் பிடுங்குவேன் என்று மிரட்டியபோது, சவுல் ஒரு சோடி மாட்டைத் துண்டித்து எல்லைகளுக்கு அனுப்பிப் படை திரட்டி அந்த ஊரைக் காத்தான். மறுபடியும் துண்டுகள், மறுபடியும் திரண்ட கோத்திரங்கள். இந்த முறை அழிக்க இல்லை, காக்க. பிறகு சவுல் போரில் மாண்டு அவன் உடலைப் பகைவர் பெத்சான் மதிலில் தொங்கவிட்டபோது, யாபேஸின் ஆண்கள் இரவெல்லாம் நடந்துபோய் அதை இறக்கிக் கொண்டுவந்து எலும்புகளை மரத்தடியில் அடக்கம் செய்து ஏழு நாள் உபவாசம் இருந்தார்கள்.

ஏன் அந்த ஊருக்கு அவன்மேல் அவ்வளவு பாசம்? அவன் காப்பாற்றியதால் என்று நூலை வைத்துச் சொல்லலாம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. யாபேஸிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட 400 பெண்களும் பென்யமீனின் பாட்டிகளானார்கள். சவுலின் உடம்பிலும் அவர்களில் ஒருத்தியின் இரத்தம் ஓடியிருக்கலாம். அந்தப் பெண்கள் தங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தாய்வீட்டைப் பற்றி என்ன சொல்லி வளர்த்தார்களோ! பைபிளில் அது எழுதப்படவில்லை.

இப்போது நான் ஆரம்பத்தில் வைத்துக்கொண்ட கேள்வியைக் கேட்கிறேன். காஞ்சிபுரத்திலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட அந்த ஏழு பெண்கள் என்ன ஆனார்கள்? நான் படித்த வடிவத்தில், அவர்களுக்காக ஏழு பேர் கிளம்பினார்கள், ஆறு கடந்தார்கள், கொன்றார்கள், திரும்பினார்கள். அந்தப் பெண்கள் திரும்பினார்களா என்று ஒரு வரி இல்லை. உயிரோடு இருக்கும் கணவனுக்காகத் தாலி இழந்த அந்த ஏழு மனைவிமார் என்ன ஆனார்கள்? தங்கள் ஆண்களைக் கொன்றவர்களோடு மலையேறிய அந்த வேடர் பெண்கள், இரவில் அடுப்பு மூட்டும்போது என்ன நினைத்தார்கள்? கதை எழுதிய அதிகாரி கேட்கவில்லை. அவருக்குச் சொன்ன ஆண்களும் சொல்லவில்லை போலும்.

மாணவிகளே, மாணவர்களே, இந்த மலையில் அந்தக் கதையின் மிச்சம் எங்கோ இருக்கும். ஒரு தாலாட்டிலோ ஒப்பாரியிலோ, குலதெய்வப் பூசையில் ஏழு கல்லுக்கு ஏன் மஞ்சள் வைக்கிறோம் என்று பாட்டி சொல்லும் காரணத்திலோ இருக்கலாம். இன்று வீட்டுக்குப் போனதும் வாசலில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். அந்த ஏழு பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை காலம் யாரும் கேட்காத கேள்வி அது. நீங்கள் கேளுங்கள்.